கிணற்றில் இறங்கிய பாய்த்துணி

அந்தப் பையை நான் முதலில் அறிந்தது நாக்கால்தான். அத்தையின் கணவர், எனக்கு மாமா, கொச்சியிலிருந்து வந்ததும் தோளிலிருந்த கித்தான் பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதன் மூலையை நக்கிவிட்டேன். கரித்தது! மரத்துக்குப் பூசும் கீல் வாடையும் மீனெண்ணெய் வாடையும் மூக்கில் ஏற, கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத எனக்கு, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்குள் அந்தக் கடலே வந்து படுத்துக்கொண்டதாகத் தோன்றியது.

மாமா கொச்சியில் மரக்கப்பல்களுக்குப் பாய் தைப்பவர். ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்தால் கப்பல்கள் ஓடா. அந்த மாதங்களில் அத்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார். அப்போது கேரளமெல்லாம் மழை கொட்டும், எங்களுக்கோ மலைக்கணவாய் வழியே காற்று மட்டும்தான் வரும். "தண்ணியே இல்லாத ஊருக்குக் கப்பல்காரரு மாப்பிள்ளையாக்கும்!" என்று ஊரே அவரைக் கேலி பேசியது, அப்பாவும் சேர்ந்துதான். மாமாவுக்குக் கோபமே வராது. சோளத்தட்டைச் சாய்த்துப் போடும் காற்றைப் பார்த்து, "இத்தனெ காத்தையும் சும்மா உடறீங்களே, பாவிகளா!" என்று மெய்யாகவே வருத்தப்படுவார்.

கிழிந்த பாய் ஒன்றில் மிஞ்சிய துணியைக் கொண்டு அவரே தைத்த பை அது. விளிம்புகளை இரண்டாக மடித்து, தேன்மெழுகு தடவிய நூலால் தைத்து, வாயைச் சுற்றிப் பித்தளை வளையங்கள் பதித்து, அவற்றினூடே ஒரு கயிற்றைக் கோத்திருந்தார். கயிற்றின் நுனியில் இருந்த முடிச்சு எங்கே தொடங்குகிறது என்று நாள்பூராவும் தேடியிருக்கிறேன், கண்டுபிடித்ததில்லை. "நீ ஹைஸ்கூல் போறப்ப இது உனக்குத்தான் அம்முணி" என்று சொல்லியிருந்த மாமா, எழுபதுகளின் நடுவில் நான் ஹைஸ்கூல் சேர்ந்த அந்த வருஷம் சொன்னபடியே கொடுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகளெல்லாம் "மஞ்சப்பை"யில் புத்தகம் கொண்டுவர, நான் மட்டும் கப்பலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். எனக்கு அப்போது இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஆனியில்தான் எங்கள் கவலை நின்றது. மாடுகள் கிணற்றிலிருந்து நீரிழுக்கும் ஏற்பாட்டுக்குக் "கவலை" என்று பெயர். இரும்புச் சால் நீரை மொண்டு மேலே வரும். அதன் அடியில் கட்டிய, குழாய்போல் நீண்ட தோல்வால் அந்த நீரை வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல்வால் குறுக்கே கிழிந்து இற்றுப்போயிற்று. தைத்துக் கொடுப்பவரோ பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தார், வர ஒரு வாரமாகும் என்றார்கள். வயலில் வெங்காயம் மண்ணுக்குள் திரளும் நேரம். ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் அந்த வருஷத்துப் பாடு அத்தனையும் மண்ணோடு மண்தான். அப்பா கிணற்று மேட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கிழிந்த தோலைப் புரட்டிப் பார்த்த மாமா, பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"அம்முணி, உன்ற பையெக் கேக்கறேன். குடுப்பியா?"

பெரியவர்களிடம் கேட்பதுபோல் அப்படிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? புத்தகங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். அழுதாயா என்றால், அழுதேன்தான்.

மாமா கத்தியால் கிழிக்கவில்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். அவர் விரித்தபோதுதான் அந்தப் பைக்குள் எத்தனை துணி மடங்கியிருந்தது என்று தெரிந்தது. உள்ளங்கையில் ஒரு தோல்பட்டையை மாட்டிக்கொண்டு, கோணி ஊசியைவிடப் பெரிய ஊசியை அந்தப் பட்டையால் அழுத்தி அழுத்தித் தைத்தார். நடுச்சாமத்துக்குள் என் பை ஒரு நீண்ட குழாயாகிவிட்டது.

விடிந்ததும் அப்பா மாடுகளைப் பூட்டினார். சால் மேலே வந்தது. ஐயோ! துணியின் இழையிடுக்கு ஒவ்வொன்றிலும் நீர் பீய்ச்சியடித்து, முக்கால்வாசி கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று.

"போச்சு போங்க! வாலுக்குப் பதிலா சல்லடையத் தெச்சுப்போட்டீங்களே மாப்ளெ!" என்று அப்பா கத்தினார். பையும் போய், வெங்காயமும் போயிற்றா?

மாமா அசையவில்லை. "பொறுங்க மச்சான், துணி இன்னும் தண்ணி குடிக்கலீங்க. குடிச்சா அதே வாய மூடிக்கும். நீங்க மாட்டெ ஓட்டுங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். சால் இறங்கி ஏற, இறங்கி ஏற, பீய்ச்சல் தூவானமாயிற்று, தூவானம் சொட்டாயிற்று, பிறகு சொட்டும் இல்லை. நூல்கள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டன. உப்பி விறைத்த அந்தத் துணியிலிருந்து நீர் முழுசாக வாய்க்காலில் விழுந்த சத்தத்தைக் கேட்டு வாய்க்காலுக்கு ஓடினேன். கடலில் காற்றைப் பிடித்த துணி எங்கள் கிணற்றில் தண்ணீரைப் பிடித்துவிட்டது! குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். இலேசாகக் கரித்தது.

"கப்பல்காரருன்னா கப்பல்காரருதானுங்க" என்றார் அப்பா. அதில் கேலி இல்லை.

வெங்காயம் பிழைத்தது. பாசி ஏறிய அந்தத் துணி மறுபடி பையாகவில்லை. அடுத்த வருஷம் இற்றும் போயிற்று. நானும் மஞ்சப்பையோடுதான் ஹைஸ்கூல் முடித்தேன்.

இன்று அந்தக் கிணற்றுக்குள் வேப்பஞ்செடி முளைத்திருக்கிறது, போர்வெல்தான் வயலுக்கு. மாட்டுக்கொட்டகையில் மாடில்லை. மாமாவும் இல்லை. போன மாதம் கொச்சியில் ஒரு கடையில் பாய்த்துணிப் பைகள் என்று எழுதிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதே இரட்டை மடிப்பு, அதே பித்தளை வளையம். ஒன்றை வாங்கினேன். "நனைக்கல்லே சேச்சி", நனைத்துவிடாதீர்கள் அக்கா என்று கடைப்பெண் அக்கறையாகச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் குழாயடியில் பிடித்தேன். எல்லாப் பக்கமும் ஒழுகியது. "அம்மா, புதுப் பைம்மா!" என்று மகள் ஓடிவந்தாள்.

"பொறு, துணி இன்னும் தண்ணி குடிக்கலெ" என்றேன்.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சொட்டுகள் குறைந்து, நின்றன. மகள் நம்ப முடியாமல் பையின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

கரிக்கவில்லை.