கருவாடும் நானும் ஒரே அட்டையில்

ஆங்கிலத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம், அன்புவழிபுரத்து மண்டபம் ஒன்றில் நடந்த ஆங்கில வகுப்பில். கருவாடு விற்கிறவளுக்கு ஆங்கிலம் என்னத்துக்கு என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஹோட்டல்காரரோடு நானே கதைக்க வேண்டும், இடையில் யாரும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் சம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

என்னைவிட இளையவரான ரீச்சர் அன்றைக்கு இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்கக் காட்டித்தந்தார். தமிழில் 'பிடித்த மீன்' என்கிறோம், 'மீன் பிடித்த ஆள்' என்றும் சொல்கிறோம். பிடித்தவருக்கும் பிடிபட்டதுக்கும் ஒரே 'பிடித்த'தான். ஆங்கிலத்தில் அது சரிவராதாம். செய்கிறவருக்கு 'இங்' வரும், செய்யப்பட்டதுக்கு 'எட்' வரும். காயவைத்த மீன் 'சன்-ட்றைட்', அதைக் காயவைக்கிறவர் 'ஃபிஷ்-ட்றையிங்'. செய்தது யார், பட்டது யார் என்று ஒரு சொல்லுக்குள்ளேயே பார்க்கிற பாஷையா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்தவள் கொட்டாவி விட்டாள். நான் வீடு வரும்வரை கண்ணில் பட்டதற்கெல்லாம் இங்கா எட்டா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் துறைமுகப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் உள்ளூர்ப் பொருட்கள் விற்க ஒருநாள் இடம் கொடுத்தார்கள். கருவாடு பிடித்துப்போனால் தங்கள் குசினியில் சமைக்கவே கிழமைதோறும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் பழையபடி இடையில் நிற்கிற யாவாரி வைத்ததுதான் விலை. மேசைகளை ஒழுங்கு செய்த உதவி நிறுவனத்துத் தம்பி, அழகாக அச்சடித்த அட்டையொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். மேல் வரியில் 'சன்-ட்றைட் ஃபிஷ்'. கீழ் வரியில் நான்: 'வோர்-அஃபெக்டட் வுமன்', யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்.

இரண்டிலும் 'எட்'. மீனை வெயில் காயவைத்ததாம், என்னைச் சண்டை பாதித்ததாம், இரண்டு பேரும் சும்மா கிடந்தோமாம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தச் சொல் பொய்யில்லை. ஊரைவிட்டு ஓடினோம், முகாமில் கிடந்தோம், திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் பற்றைதான் நின்றது. ஆனால் இந்தக் கட்டா மீனைக் கீறி, உப்பிட்டு, காகத்தோடு மல்லுக்கட்டிப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தவள் நான்.

"தம்பி, கீழ் வரியை மாத்தவேணும்."

"அக்கா, அது இருந்தால்தான் வெள்ளைக்காரர் வாங்குவினம். பிறகு விக்கேல்லை எண்டு என்னைக் குறை சொல்ல ஏலாது."

"ஓம், சொல்லமாட்டன்."

வீறாப்பாய்த்தான் சொன்னேன். அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் என் கோணல் எழுத்தில் எழுதினேன். 'சன்-ட்றைட்' மீனுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு 'ஃபிஷ்-ட்றையிங் வுமன்' என்று போட்டேன்.

மத்தியானம் வரை ஒரு பைக்கற்றும் போகவில்லை. பக்கத்து மேசைக்காரி தம்பி கொடுத்த 'வோர்-அஃபெக்டட்' அட்டையோடு நல்லாய் விற்றுக்கொண்டிருந்தாள். தம்பி என் பக்கம் வந்து பைக்கற்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். திருப்பி வைப்போமா என்று அட்டையில் கை வைத்த நேரம், வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வந்து அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, மழை வந்தால் எப்படிக் காயவைப்பீர்கள் என்று கேட்டார்.

எத்தனையோ பேர் என் வாசலுக்கு வந்து யார் செத்தது, என்ன போனது என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்கிறாய் என்று வெளியார் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்கிலம்! உப்பைச் சொன்னேன், மழைக்கு மூடுகிற தறப்பாளைச் சொன்னேன், சொல் வராத இடத்தில் காகமாகவே நடித்துக் காட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சத்தம் கேட்டுக் குசினிக்குப் பொறுப்பான கிண்ணியாக்காரர் வெளியே வந்தார். ஒரு துண்டை எடுத்து முறித்து முகர்ந்து பார்த்தார்.

"இது ஆர் காயவச்சது?"

"நான்."

"அப்ப வாற கிழமையும் நீங்களே கொண்டு வாங்க."