வெல்லப் பானையும் பிராந்திச் சீசாவும்

எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் அந்த நாளில் முதலில் நடக்கும் காரியம், வெல்லப் பானை இருக்கும் அறையைப் பூட்டுவது. வைத்தியரைப் பற்றிய பேச்சே அதற்கப்புறம்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் ஒரு திருடி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

யுத்தம் முடிந்தும் சீனிக்கு ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்ற காலம் அது. குன்னத்துக்குப் பக்கத்தில் பருத்தியும் கம்பும் விளையும் ஓர் ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியார் வேறு யாருமல்ல, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. சொந்த அத்தை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அத்தையிடம் ஒரு வாரம் வேலை செய்து பார்த்தவர் இல்லை.

கல்யாணமான மறு வருஷம் வலி ஆரம்பித்தது. மாதா மாதம் தூரமாவதற்கு நாலு நாள் முன்னால் வரும். தொப்புளைச் சுற்றி யாரோ ஈரச்சேலையை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். வாந்தி வரும், வெளிக்குப் போகாது, கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். கல் இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை. இவ்வளவு சாதுவான வயிற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு கத்தினால் யார் நம்புவார்கள்?

அத்தை நம்பவில்லை. "பருத்தி வெடிக்கறப்பதான் இவளுக்கு வயிறும் வெடிக்குது" என்றாள். பருத்தி எடுக்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் நன்றாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

நம்பாவிட்டாலும் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பட்டினி. முதல் நாள் விளக்கெண்ணெய், இரண்டாம் நாள் சுக்குத் தண்ணீர், மூன்றாம் நாள் அதுவும் கிடையாது. அதற்கும் வலி அடங்கவில்லை என்றதும் சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டாள். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஆகவே திங்கள் ஒரு விரதம், வெள்ளி ஒரு விரதம். வேண்டிக்கொண்டது அத்தை, பட்டினி கிடந்தது நான். வலி முன்பு நாலு நாள் இருந்தது ஏழு நாளாயிற்று.

அப்படி ஒரு தடவை அத்தை கொல்லைக்குப் போயிருந்தபோது சுவரைப் பிடித்து நடந்து வெல்லப் பானை இருந்த அறைக்குள் நுழைந்தேன். பானைக்குள் கையை விட்டு அச்சுவெல்லம் இரண்டைத் தின்றேன். வாந்தி வரவில்லை. இன்னும் இரண்டைத் தின்றேன். சாயங்காலம் முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது. அடுத்த மாதமும் அப்படியே செய்தேன், அப்போதும் தளர்ந்தது. மூன்றாவது மாதம், இரு கன்னமும் உப்பியிருந்த நேரத்தில் அத்தை வாசற்படியில் நின்றாள்.

அத்தை என்னைத் திட்டவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தாள். "வயித்துவலிக்காரி திங்கற அழக வந்து பாருங்கடி!" நாலு வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். நடிப்பு என்பதற்கு இனி சாட்சி வேண்டாம் என்றாயிற்று. அன்றே அறைக்குப் பூட்டு வந்தது, சாவி அத்தையின் இடுப்புக்குப் போயிற்று. வெல்லம் தின்றதால்தான் வலி குறைந்தது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. வலியிலும் அடங்காத தீனிக்காரி என்றே என்னைப் பற்றி நானும் நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு ஒரு தங்கை இருந்தாளாம். நான் பிறப்பதற்கு முன், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் செத்துப்போனவள். திருமழபாடிக்குப் போன இடத்தில் கொள்ளிடக் கரையில் ஏதோ காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்பது வீட்டில் சொல்லும் கதை. எனக்கும் அப்படித்தானோ என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கினார், சிரித்தார், மனசுதான் காரணம் என்றார், தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையைத் தின்ற மாதம் பத்து நாள் காலைத் தூக்க முடியவில்லை. "மாத்திரையவே ஏமாத்திப்புட்டாளே" என்று அத்தை அசந்துபோனாள்.

அப்புறம்தான் அரியலூருக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். வலி இருக்கிற அன்றே வர வேண்டும், காலையில் போகும் மூத்திரத்தையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதான் கடைசி. இவரும் ஒண்ணுமில்லன்னுட்டா, தை பொறந்ததும் இவனுக்குச் செயங்கொண்டத்துப் பொண்ணப் பேசி முடிச்சுடுவேன். நீ உங்கப்பன் வூட்டுல போயி உக்காந்து வெல்லம் தின்னு."

என் வீட்டுக்காரர் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் அம்மா பேசும்போது எப்போதும் ஓடு எண்ணுவார். எனக்கு வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. உண்மையான வலியோடு பொய்க்காரி என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டுமே.

வீட்டில் மூடியுள்ள சீசா ஒன்றுதான் இருந்தது. மாமனார் முட்டிவலிக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்த பழைய பிராந்திச் சீசா. எண்ணெய் வாங்கும்போதே அப்படித்தான் வந்தது என்று மாமா சாகும்வரை சாதித்தார். அதைக் கழுவி, காலையில் பிடித்து, மஞ்சள் பைக்குள் வைத்து, மூன்று பேரும் பஸ் ஏறினோம். நான் அன்றைக்கு மூன்றாம் நாள் பட்டினி.

எங்கள் ஜில்லாவிலும் மதுவிலக்கு வந்த புதிது. பாதி வழியில் ஒரு பாலத்தருகே பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். போலீஸ்காரர் எங்கள் பைக்குள் கையை விட்டார். பிராந்திச் சீசா வெளியே வந்தது, உள்ளே பிராந்தி நிறத்திலேயே ஏதோ இருந்தது.

"என்னம்மா இது?"

ஒரு பஸ் நிறைய ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள். என் வீட்டுக்காரர் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார், அங்கே ஓடு இல்லை. "தீர்த்தம்யா, சிறுவாச்சூர்த் தீர்த்தம்" என்றாள் அத்தை.

"பிராந்தி பாட்டில்லயா தீர்த்தம் குடுக்கறாங்க? எறங்குங்க. ஏட்டய்யா வரட்டும்."

பஸ் போய்விட்டது. சீசாவைச் சாட்சிப் பொருளாகப் பாலத்துக் கட்டைமேல் வைத்தார். நான் புளியமரத்தடியில் சுருண்டு படுத்துக்கொண்டு எல்லாரையும் மனசுக்குள் வைதேன். ஏட்டய்யா வரவே இல்லை. வெயில் ஏறி உச்சிக்கு வந்து சாய்ந்தது. திடீரென்று போலீஸ்காரர், "ஆத்தா!" என்று கத்தினார்.

சீசாவில் இருந்தது சிவந்திருந்தது. லேசாக அல்ல, நாவல்பழத்தைக் கரைத்த மாதிரி.

"மஞ்சளாத்தான இருந்துச்சு? என் கண்ணால பாத்தேனே!" தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயி, காளி, தெரியாம மறிச்சுப்புட்டேன்." சொல்லிவிட்டு மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார்.

அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து சக்தி வந்ததோ, எழுந்து உட்கார்ந்தேன். "ஐயா, குடிக்காதீங்க! தலையில மட்டும் தெளிச்சுக்குங்க!"

பக்தியோடு தெளித்துக்கொண்டார். அடுத்து வந்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி, முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி எங்களை உட்கார வைத்தார்.

டாக்டர் என் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே சீசாவைப் பார்த்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எடுக்கும்போது என்ன நெறம்?"

"மஞ்சள்தான் சார். வெயில்ல இருந்துச்சு. போலீஸு..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

டாக்டர் போலீஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஏதோ மருந்தைக் கலந்து பார்த்தார், கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார், பெரம்பலூர் மாத்திரையின் பெயரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். போர்ஃபிரியா என்று ஒரு பெயர் சொன்னார். ரத்தத்தோடு பிறந்து, வம்சத்தில் இறங்கி வருவதாம். அந்தத் தூக்க மாத்திரை அதற்கு விஷமாம். "இது நடிப்பு இல்லம்மா. இந்த வலி நெஜம்" என்றார். இந்த நோயில் வெயில் பட்டால்தான் நிறம் மாறும், சீசா நேராக வந்திருந்தால் மஞ்சளாகத்தான் வந்திருக்கும், தானும் மற்றவர்களைப் போல மனசுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம் என்றும் சொன்னார். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். வலிக்காக நான் அப்படி அழுததே இல்லை.

"எது சாப்பிட்டாலாவது கொறையுதா?"

அத்தையைப் பார்த்தேன். வந்தது வரட்டும் என்று, "வெல்லம்" என்றேன்.

"நான் அப்படிப் படிச்சதில்ல. கொறையுதுன்னா தாராளமா தின்னு. பட்டினி மட்டும் போடவே கூடாது, அது ஆளையே கொன்னுடும்." பல வருஷம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வலிக்கு எனக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்று நான் சிரித்த சிரிப்பு நர்சுக்கு விளங்கவில்லை.

கடைசியாக டாக்டர் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் தங்கச்சிக்கு" என்றாள் அத்தை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "அவளும் வெல்லந்தான் கேட்டா டாக்டரய்யா. ஒரு துண்டு குடு அக்கான்னு கேட்டா. வயித்துவலிக்காரிக்கு வெல்லம் என்னாத்துக்குன்னு நான்தான் பூட்டி வச்சேன். அப்பவும் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

அத்தைமேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்தாள். அதே பாலத்தில் பஸ் நின்றது. அதே போலீஸ்காரர் ஜன்னலோரம் வந்து கும்பிட்டார். "ஆத்தா, தீர்த்தம் மிச்சம் இருக்குங்களா? வூட்டுல புள்ளைங்களுக்கு வேணும்."

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அழுத முகம் அப்படியே இருக்க, தோள் சிரிப்பில் குலுங்கியது.

"தீந்துபோச்சுய்யா" என்றாள். "இனிமே மாசாமாசம் இவளக் கூட்டிக்கிட்டு இந்த வழியாத்தான் போவேன். அப்ப பாப்போம்."

பஸ் கிளம்பியதும் இடுப்பில் இருந்த சாவியை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.