ஜானட்டும் இரண்டு முக்கோணங்களும்

'இல்லை' என்ற சொல்லை ஜானட் ஒரு பதிலாக மதித்ததே கிடையாது. அதற்காக அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்த வேலை அப்படி. ராயபுரத்தில் ராமசுப்பு என்பவரின் கிளியரிங் ஏஜென்சியில் அவள் சீனியர் கிளார்க். கப்பலில் வந்து இறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்க வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. அந்தத் தொழிலில் "இல்லை, விட முடியாது" என்று பேப்பர் திரும்பி வந்தால் யாரும் இடிந்துபோய் உட்கார மாட்டார்கள். இன்னொரு காகிதம் வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். கொடுத்தால் வேறொன்று கேட்பார்கள், அதையும் தேடிக் கொடுத்தால் சரக்கு வெளியே வந்துவிடும். ஜானட் கைவைத்த சரக்கு துறைமுகத்தில் கிடந்து மக்கியதில்லை என்று அந்தத் தெருவில் பெயர் இருந்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

தன் முதலாளியையும் அவள் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். அதுதான் வினை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை நெடுகக் கன்டெய்னர் யார்டுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ராமசுப்பு திருவொற்றியூரில் ஒரு கிளை திறந்தார். அதற்கு மேனேஜராக வேண்டும் என்பது ஜானட்டின் ஆசை. போய்க் கேட்டாள்.

"பி.காம். முடிச்சிட்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார். தபாலில் படித்து முடித்தாள். கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்றார், தெரிந்துகொண்டாள். ஏற்றுமதி இறக்குமதியில் ஒரு டிப்ளமோ இருந்தால் நல்லது என்றார். அதையும் வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். இதற்கிடையில் அவருடைய தங்கை மகன் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கி, 'சும்மா பழகட்டும்' என்று அந்தக் கிளையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மேற்படி சான்றிதழ்களில் ஒன்றுகூட அவனிடம் கிடையாது. அவன் தப்பும் தவறுமாகப் போட்ட பேப்பர்களை ஆபீஸ் அட்டெண்டர் எத்திராஜ் சாயங்காலம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். ஜானட் திருத்திக் கொடுப்பாள்.

"எம்.பி.ஏ. மட்டும் இருந்துட்டா யாரும் வாயத் திறக்க முடியாதும்மா" என்றார் ராமசுப்பு, கடைசியாக. சலிப்பு தட்டத்தான் செய்தது. ஆனாலும் நுழைவுத் தேர்வுக்கு எழுதிப் போட்டாள்.

அவளோடு சேர்ந்து படித்தவன் பீம்ராவ். வியாசர்பாடிக்காரன், பேசின் பிரிட்ஜில் ரயில்வே கிளார்க், அவள் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் இருவரும் மாதிரித் தாள்களோடு உட்காருவார்கள். புத்தரைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை அங்கே வந்து உட்காருவதைப் பற்றிப் பங்குச் சாமியார் ஒன்றும் சொன்னதில்லை. போகும்போது ஃபேனை நிறுத்தினால் போதும் அவருக்கு.

தேர்வில் ஒரு வகைக் கேள்வி ஜானட்டைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு குறிப்புகள். விடை எவ்வளவு என்று சொல்ல வேண்டாம். விடை சொல்ல முதல் குறிப்பு மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று மட்டும் சொன்னால் சரி. கணக்கில் கெட்டிக்காரியான ஜானட் இதில் மட்டும் வரிசையாகக் கோட்டை விட்டாள். பீம்ராவ் அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"எல்லாத்தையும் ஒரே மாரி தப்பா போட்டுகினு கீற. இத்தப் பாரு. இதுக்கு இன்னா போட்ட?"

அது முக்கோணக் கணக்கு. எக்ஸ் அச்சின் மேல் இரண்டு புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோடுதான் அடிப்பக்கம். அதே அடிப்பக்கத்தின் மேல் இரண்டு முக்கோணங்கள். ஒன்றின் உச்சி பி, மற்றதன் உச்சி க்யூ. பி முக்கோணத்தின் பரப்பு க்யூ முக்கோணத்தின் பரப்பைவிடப் பெரியதா? முதல் குறிப்பு, பி-யையும் க்யூ-வையும் சேர்க்கும் கோடு எக்ஸ் அச்சுக்கு இணையானது. இரண்டாவது, பி இருக்கும் இடம் எக்ஸ் மூன்று, ஒய் ஏழு.

"ரெண்டும் சேர்ந்தாலும் போதாதுன்னு போட்டேன்."

"ஏன்?"

"மொத குறிப்ப வெச்சா ரெண்டும் சமம்னுதான் வருது. பெருசுன்னு வரலியே. அப்ப இன்னொரு குறிப்பு வேணும்ல."

பீம்ராவ் ரயில்வேக்காரன், அவனுக்குத் தண்டவாளம்தான் கைக்கு வந்தது. "ஒரு தண்டவாளத்துல ரெண்டு கல்லு வை. அதான் அடி. எதிர் தண்டவாளத்துல நீ எங்க வேணா போய் நில்லு. நடுவுல கீற தூரம் மாறுமா? மாறாது. அடியும் ஒண்ணு, ஒசரமும் ஒண்ணு. பரப்பு சமம். அது உனக்கே தெரியுது. அப்ப பி பெருசா?"

"இல்ல."

"அவ்ளோதான் மேட்டரு. இல்லன்னு அடிச்சி சொல்ல முடியுதுல்ல? மொத குறிப்பே போதும். அவன் உன்னான்ட ஆமான்னு வாங்கினு வரவா சொன்னான்?"

"இல்லன்றது எப்படிப்பா பதிலாவும்?"

"உங்க ஆபீசுல ஆவாது. இங்க ஆவும்."

ஜானட்டுக்குச் சுருக்கென்றது. பழைய தாள்களை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். 'இல்லை' என்று முடிகிற கேள்விகளில் எல்லாம் 'போதாது' என்றே குறித்து வைத்திருந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தபடியே எல்லாவற்றையும் திருத்தினாள்.

தேர்வன்று அதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. எண்கள் வேறு, முக்கோணங்கள் வேறு. ஒன்று மற்றதைவிடப் பெரியதா? முதல் குறிப்பை வைத்தே இல்லை என்று சொல்லிவிடலாம். முதல் குறிப்பு மட்டும் போதும் என்று குறித்தாள். குறித்த கையோடு பென்சில் நின்றுவிட்டது. ராமசுப்புவின் 'பார்க்கலாம்' நினைவுக்கு வந்தது. அவள் ஒவ்வொரு சான்றிதழாகக் கொண்டு வந்து வைத்தாள், ஒன்றுமே இல்லாதவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இதற்கு மேல் என்ன குறிப்பு வேண்டும்? விடை வருடக்கணக்காகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அவமானமும் ஆத்திரமுமாக வந்தது. மிச்சக் கேள்விகளை எப்படி எழுதினாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை.

திங்கட்கிழமை காலை ராமசுப்புவின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த மேனேஜர் வேலை எனக்கு உண்டா, இல்லையா?"

"என்னம்மா அவசரம்? ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்."

"ரிசல்ட்டு வந்துடுச்சு, நான்தான் முதல் ரேங்க்குன்னே வெச்சுக்குங்க சார். அப்ப உண்டா?"

ராமசுப்பு மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "அவன் என் தங்கச்சி மகன்மா. அவனை நான் எங்க அனுப்புவேன்?"

"அப்ப இல்ல."

"இல்லன்னு எதுக்கு வாயால சொல்லணும்? ஷிப்பிங்ல புதுசா ஒரு கோர்ஸ் வந்திருக்காம். அதையும் முடிச்சிட்டேன்னா…"

"ஒரு தடவை சொல்லிடுங்க சார்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லம்மா" என்றார்.

கேட்டதும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். லேசாகவில்லை, வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து அன்றைய வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் எத்திராஜ் வழக்கம்போல் மூட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஜானட் முடிச்சை அவிழ்க்காமல் அவர் பக்கமே தள்ளினாள்.

"இன்னாம்மா, எந்த பேப்பர் இல்ல? சொல்லு, எட்த்துகினு வர்றேன்."

"பேப்பர்லாம் கீதுண்ணே. நான் பாக்க மாட்டேன்னு திருவொற்றியூர் சார்கிட்ட சொல்லிடுங்க."

எத்திராஜ் நின்றுகொண்டே இருந்தார். அந்த ஆபீஸில் முடியாது என்று சொன்னால் அடுத்து இன்ன காகிதம் வேண்டும் என்று ஒன்றைக் கேட்பார்கள், அதற்காகக் காத்திருந்தார். அவள் மேசை டிராயரைப் பூட்டினாள். அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார்.