வாளிக்குள் போன பற்றறி

பற்றறியில் ஐம்பத்திரண்டு வீதம் மிச்சம் இருக்கிறது என்று திரை காட்டியது. அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அடுத்த கணம் திரை கறுத்துப் போனது. அண்ணாந்தால் வானத்தில் ஒன்றும் இல்லை. இரைச்சலும் நின்றுவிட்டது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி கடந்திருக்கும். சண்டிலிப்பாயில் அந்த வருடம் பயிர் வைக்காமல் விட்டிருந்த ஒரு காணிக்குள் நின்றுகொண்டிருந்தேன். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். வயது நாற்பத்தேழு. உதிரிப் பாகங்களாக வரவழைத்து, உடுவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே பூட்டிய ட்ரோன் அது. பதிவு, அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்துத்தான் பறக்கவிட்டேன். நான்கு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் பறந்தது. அது ஏன் விழுந்தது என்று நின்ற இடத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கே விழுந்தது, யார் மேலாவது விழுந்ததா என்ற யோசனை ஒரு நிமிடம் பிந்தித்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கிழக்கே இரண்டு காணி தள்ளிப் புகையிலைத் தோட்டம். இடுப்பளவு வளர்ந்த இலைகளை விலக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கையில் மண்வெட்டியோடு நின்றார். ஒரு பக்கக் கன்னத்திலும் சேலையிலும் செம்மண் அப்பியிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் வாளி. அதற்குள் என் ட்ரோன் தலைகீழாகக் கிடந்தது. தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

“ஆற்றை சாமான் இது? உம்மடையோ?”

“ஓம் அக்கா, என்ரைதான். உங்களுக்கு ஒண்டும் படேல்லையே?”

“எனக்குப் படேல்லை. அந்தா, அந்த வரம்பிலை விழுந்து கிடந்து புகைஞ்சுது. வெடிச்சிடுமோ எண்டு தூக்கித் தண்ணிக்குள்ளை போட்டிட்டன்.”

“கையாலையோ தூக்கினீங்கள்?”

“எனக்கென்ன விசரே? மண்வெட்டியாலை.”

“முகத்திலை மண் கிடக்கு அக்கா.”

அவர் சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தார்.

“இரைச்சல் கேட்டுது. வண்டு எண்டு நினைச்சு நிலத்திலை படுத்திட்டன்” என்றார். “சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்! எனக்கே வெக்கமாக்கிடக்கு தம்பி.”

யுத்தம் நடந்த காலத்தில் வன்னியில் இருந்தவர்கள், தலைக்கு மேலே வட்டமிட்ட ஆளில்லா விமானத்தை வண்டு என்றுதான் சொல்வார்கள். அது வந்து போனால் பின்னால் ஷெல் வரும் என்பார்கள். நான் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் இருந்தவன். அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றேன். எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை. விழுந்ததற்கா, பறந்ததற்கா?

“அது கிடக்கட்டும். எனக்கு வாளி வேணும்” என்றார் அவர்.

அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விட வேண்டாம் என்று சொல்லி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினேன். வாளியை மூன்று தரம் கழுவிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பழைய பேப்பரில் பரப்பினேன். ஒரு கை முறிந்திருந்தது. சுழலும் இறக்கைகளில் இரண்டு உடைந்திருந்தன. கமராக் கண்ணாடியில் வெடிப்பு. இவை விழுந்ததால் வந்த காயங்கள், விளங்கிக்கொள்ளலாம். பற்றறிதான் விளங்கவில்லை. அது திரைந்துபோன பால் பைக்கற்றைப் போல உப்பியிருந்தது. உப்பியதால் விழுந்ததா? விழுந்ததால் உப்பியதா? இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீருக்குள் போனதால்தானா? அதைத் தூர முற்றத்தில் மணல் நிரப்பிய சட்டிக்குள் வைத்தேன்.

என்னிடம் ஒரே மாதிரி இரண்டு பற்றறிகள் இருந்தன. முந்திய கிழமை அவற்றில் ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டது ஞாபகம் இருந்தது. அது வாளிக்குள் போனதா, அலுமாரியில் இருப்பதா? இரண்டிலும் அடையாளம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் “ஆய்கூடத்திலை முதல் வேலை பெயர் ஒட்டிறது” என்று கத்துகிறவன் நான்.

அறிவுரைக்குக் குறைவில்லை. போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நண்பர் பார்த்துவிட்டு, “விழுந்த அடியிலைதான் வீங்கியிருக்கு, சந்தேகமே இல்லை” என்றார். எங்கள் பள்ளிக்கூடத்து இரசாயன ஆசிரியர், “வெக்கையிலை முதலே வீங்கியிருக்கும், அதாலைதான் விழுந்தது” என்று அதே உறுதியோடு சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் காகம் அடித்திருக்கும் என்றார். மூன்று பேர் சொன்னதையும் நான் நம்பினேன். காலையில் ஒன்று, பின்னேரம் இன்னொன்று.

அந்தக் கிழமை வகுப்பில் மின்கலத்தின் அகத்தடை பாடம். கலத்திலிருந்து கூடுதலாக மின்னோட்டம் எடுத்தால் அதன் வோல்ற்றளவு ஏன் இறங்குகிறது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். கையில் சோக்கட்டியோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. “சேர், அடுத்த வரி?” என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வரி எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எனக்கு உதவவில்லை.

கமராவின் நினைவட்டை தண்ணீருக்குத் தப்பியிருந்தது. அதில் விழுவதற்கு நாலைந்து செக்கன் முன்வரை படம் இருந்தது. காகம் தெரிகிறதா, ஆட்டம் தெரிகிறதா என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பத்துத் தரமாவது பார்த்திருப்பேன், இரண்டும் இல்லை. அப்போதுதான் படத்தின் மூலையில், பச்சை வரிசைகளுக்கு நடுவில் குனிந்து நிற்கும் உருவம் கண்ணில் பட்டது. அது நிமிர்கிறது. மேலே பார்க்கிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுக்கிறது. ட்ரோன் அப்போது ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கிறது.

கணினியை மூடிவிட்டேன். விழுந்தது மட்டும்தான் பிழை என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி தாதியாக வேலை செய்கிறவள். பத்து நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் தேத்தண்ணீரை மேசையில் வைத்துச் சொன்னாள்:

“இஞ்சருங்கோ, செத்த பற்றறியைப் பற்றி எவ்வளவு நாளைக்கு யோசிக்கப் போறியள்? இருக்கிறதைச் சோதிச்சுப் பாத்தீங்களோ?”

“அது நல்லாத்தான் இருக்கு. பன்னிரண்டு வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டுது.”

“ஆசுப்பத்திரி வாட்டிலை பத்து நோயாளிக்கும் சேத்து ஒரு காய்ச்சல் எழுதுறேல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு சாட்.”

அவள் அதை என் அலட்சியத்தைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் நான் எழும்பிப் போய் மீற்றரை எடுத்தேன். அந்தப் பற்றறிக்குள் மூன்று கலங்கள். நான் எப்போதும் மூன்றையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன். ட்ரோனின் திரையும் கூட்டுத்தொகையை வைத்துத்தான் வீதம் சொல்கிறது. தனித்தனியே அளந்தபோது இரண்டு கலங்கள் ஒரே அளவு காட்டின. மூன்றாவது சற்றுக் குறைவாக இருந்தது. கார் முன்விளக்கு பல்ப் ஒன்றைப் பூட்டி எரியவிட்டு அளந்தேன். இரண்டு கலமும் அதிகம் அசையவில்லை. மூன்றாவது மளமளவென்று இறங்கியது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பிறகுதான் உறைத்தது. இது விழாத பற்றறி.

“அப்ப விழுந்தது நல்ல பற்றறியோ?” என்று கேட்டாள் அவள்.

“தெரியேல்லை.”

“இல்லாட்டி அது இதைவிட மோசமோ?”

“அதுவும் தெரியேல்லை.”

அடுத்த நாள் ட்ரோனில் இருந்த மின் இணைப்பைக் கழற்றினேன். பற்றறியைச் செருகும் முளைகளில் ஒன்று கரி பிடித்திருந்தது. நான் வைத்த ஈயப் பற்றில் தலைமயிர் அளவு வெடிப்பு. பறக்கும் நடுக்கத்தில் தொடுகை ஒரு கணம் விட்டாலே போதும், திரை கறுக்கும். அப்படியானால் பற்றறியில் குற்றமே இல்லை. ஆனால் அந்த வெடிப்பு மண்ணில் மோதியபோதும் வந்திருக்கலாம். கரி எப்போது பிடித்தது? தண்ணீரில் ஊறியது எதை மாற்றியது? கலம், வெக்கை, இணைப்பு என்று மூன்று குற்றவாளிகள், மூவருக்கும் சாட்சி இல்லை.

கடைசியில் குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டு, சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் திருத்தினேன். முறிந்த கையையும் இறக்கைகளையும் மாற்றினேன். இணைப்பைப் புதிதாகப் பற்றவைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தேன். பழைய பற்றறிகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக இரண்டு எடுத்து, பச்சை, சிவப்பு நாடா சுற்றினேன். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கவனித்து, ஏதாவது ஒன்று இறங்கினால் கீச்சிடும் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். முன்பெல்லாம் சனிக்கிழமை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அஸ்பெஸ்ரஸ் சீற்றுக் கூரையின் வெக்கை இறங்கும் அறையில் அலுமாரிக்குள் வைப்பேன். மழை வந்தால் இரண்டு கிழமையும் அப்படியே கிடக்கும். இப்போது பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைத்து, பறக்கும் காலையில்தான் மிச்சத்தை ஏற்றுகிறேன். பறந்து வந்ததும் சூடு ஆறாமல் சார்ஜரில் போடுவதில்லை. மனைவி கோடு போட்டுத் தந்த கொப்பியில் நிறத்துக்கு ஒரு பக்கம்.

மறுபடி பறக்கவிடமுன் அந்த அம்மாவிடம் போக வேண்டும் என்று தோன்றியது. மனைவியும் கூட வந்தாள். புகையிலை வெட்டி முடிந்து, தோட்டம் மொட்டையாகக் கிடந்தது.

“அக்கா, இனி இந்தப் பக்கம் பறக்கவிடக்கூடாதெண்டால் சொல்லுங்கோ. நான் விடமாட்டன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஏன் விழுந்ததாம்?”

“தெரியேல்லை அக்கா.”

“உம்மடை சாமான். உமக்கே தெரியாதோ?” என்று சிரித்தார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

“பறக்கவிடக்கூடாதெண்டு நான் சொல்லேல்லை. முதலே வந்து ஒரு சொல்லுச் சொல்லும். ஆற்றை சத்தம் எண்டு தெரிஞ்சால் காணும், அது போதும்.” பிறகு, “காணுமோ எண்டும் எனக்குத் தெரியாது. ஒருக்கால் பறக்கவிடும் பாப்பம்” என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ட்ரோன் எழும்பியபோது என் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். எதைக் கவனிப்பதென்று தெரியவில்லை. ஆறு நிமிடத்தில், ஒன்றும் கீச்சிட முன்னரே இறக்கிவிட்டேன். பற்றறியைக் கழற்றிக் கையில் வைத்தேன். இளஞ்சூடு.

“இப்பிடித்தான் இருக்க வேணுமோ?” என்று அவரும் தொட்டுப் பார்த்தார்.

“இவ்வளவு எண்டால் பறவாயில்லை.”

“எனக்கும் பறவாயில்லை. ஆனால் நெஞ்சு அடிக்குது” என்றார்.

இனி வேண்டாம் என்று சொல்கிறாரா, நாளாகச் சரிவரும் என்று சொல்கிறாரா, எனக்கு விளங்கவில்லை. திரும்பிக் கேட்கவும் துணியவில்லை. அவர் கிணற்றடிப் பக்கம் நடந்துவிட்டார். நான் அன்றைக்குச் சிவப்புப் பற்றறியைத் தொடாமல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். இப்போது அவருடைய தோட்டத்திலிருந்து தள்ளி, மேற்குப் பக்கக் காணியில்தான் பறக்கவிடுகிறேன். அங்கே போகமுன்னும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அதன்பிறகு ஒருநாளும் அது விழவில்லை. நான் செய்த எந்தத் திருத்தத்தால் விழவில்லை என்று கேட்டால், சொல்லத் தெரியாது.