நடுவில் நின்ற புள்ளி

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் செல்போன் கடைக்கு, கல்வராயன்மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார் அந்த அம்மா. சார்ஜ் ஏறாத பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்றை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். திரையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

பழுதைச் சரிசெய்துவிட்டு இரண்டு விரலைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி, இரண்டு விரலுக்கும் நடுவில் வந்து நின்றது.

“பழைய டச் ஸ்கிரீனும்மா. ரெண்டு விரல் சேர்ந்தாப்புல வெச்சா இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. புதுசு வாங்கிடுங்க.”

“வாணாங்க. எம்பொண்ணு அந்தாண்ட வெப்பா, நான் இந்தாண்ட வெப்பேன். புள்ளி நடுவுல வந்து நிக்கும். அதாங்க எங்க ஆட்டமே. அவ காய்ச்சல்ல செத்துட்டா. என் ரெண்டு கையையும் வெச்சுப் பாத்தேன், நல்லால்ல. நீங்க ஒரு வெரலு வெய்யிங்களேன்.”

வைத்தேன். அவரும் விரலைத் துடைத்துவிட்டு எதிர் ஓரத்தில் வைத்தார். புள்ளி நடுவில் நின்றது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு வேறு ஆள் வந்ததும் நான் விரலை எடுத்தேன். புள்ளி அவர் விரலடிக்கு ஓடியது.

“ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தாங்க,” என்றார். “ஆடிக்கினே இருந்தோம். திடீர்னு எங்கிட்ட வந்துடுச்சு.”