விமானியின் மழைக்கோட்டில் நான் தைத்த பதக்கம்

கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள் நான். எங்கள் மேல் மாடியில் இருக்கும் முஸ்லிம் பிள்ளை ஒரு விமானி. ஒருநாள் தன் யூனிபோம் மழைக்கோட்டைக் கொண்டுவந்தார்.

"அன்ட்டி, கை நீளம், அத மட்டும் கட்டையாக்கித் தாங்க. வேற எங்கயும் ஊசி படக்கூடாது, தண்ணி உள்ளுக்கு வரும்."

என் மகன் கப்பல் வேலைக்குப் போனபோது அவனுடைய சட்டைக்குள் அந்தோனியார் பதக்கம் தைத்துத்தான் அனுப்பினேன். இந்தப் பிள்ளை ஆகாயத்தில் அல்லவா போகிறது! மனம் கேட்கவில்லை. கோயிலில் செபித்து மந்திரித்த அதே மாதிரிப் பதக்கமொன்றைக் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில், உள்ளே, சொல்லாமல் தைத்துவிட்டேன்.

பத்து நாளைக்குப் பிறகு இளைத்துப்போய் வந்தார். ஒரு குளிர் நாட்டில், பறப்புக்கு முன் கொட்டும் மழையில் விமானத்தைச் சுற்றி நடந்து சோதித்தபோது நெஞ்செல்லாம் நனைந்து, காய்ச்சலில் விழுந்தாராம். கோட்டைத் தடவிப் பார்த்தபோதுதான் பதக்கம் தட்டுப்பட்டதாம்.

கோட்டை வாங்கி நான் போட்ட தையலைப் பார்த்தேன். "ஏசுங்கோ தம்பி, பிழை என்னிலதான்."

அவர் சிரித்தார். "எப்படி அன்ட்டி ஏச? எங்கட உம்மா ஒவ்வொரு முறையும் பேக்குக்குள்ள ஓதின தண்ணிப் போத்தல் வைப்பா. எயார்போர்ட்ல அத எடுத்துப்போடுவாங்க."

பதக்கத்தை என் கையில் வைத்தார். "எனக்காக ஆண்டவன்கிட்ட கேளுங்க. கோட்ட மட்டும் விடுங்க."

ஊசி ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தேன். அவருக்காகக் கடவுளிடம் கேட்க ஓடின நான், அவர் வாய்திறந்து கேட்ட ஒன்றைக் காதில் வாங்கவில்லையே. இப்போது யாருக்காகவும் முழந்தாளிட்டுச் செபிக்கும் முன், அந்த ஆள் என்னிடம் என்ன கேட்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.