நான் நேராக்கச் சொன்ன மரங்கள்

காலையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தரின் அக்கா. "மாஸ்டர், எஸ்தர் ஊட்டு மேல மண்ணு இறங்கிருச்சுங்க. ஊடே தெரியலீங்க" என்றார். அவர் அழவில்லை. நான்தான் குழாயை மூடக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் மண்ணுக்கடியிலிருந்து உடலை எடுத்தார்கள்.

எஸ்தரை நம் ஓவியக் குழுவில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஞாயிறு பூசை முடிந்தால் நீர்வண்ணம். போட்டோ பார்த்து வரைகிற பழக்கம் கிடையாது. மூடுபனியில் தாள் காயாது. குடையைப் பிடித்தபடி காத்திருப்பார். "அவசரப்பட்டா மலை தெரியாதுங்க மாஸ்டர்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் அரை மணியில் படம் முடிக்கிற ஆள்.

ஐப்பசிதோறும் ஊட்டியில் நாம் கூடுவோமே, அதற்கு அவர் கொண்டுவருவது ஒரே காட்சிதான்: அவர் வீட்டுக்குப் பின்னால் ஏறும் தேயிலைச் சரிவு, நடுவே நிழலுக்கு நட்ட ஏழு சில்வர் ஓக் மரங்கள். "வேற மலையே கிடைக்கலையா?" என்று கிண்டல் செய்வோம். கூடவே சிரிப்பார்.

இந்த ஐப்பசியில் ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் அவர் சிரிக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "மழை விட்டாலும் ஊட்டுக்குப் பின்னால தண்ணி கசியுதுங்க. பின்கதவு சாத்த மாட்டேங்குது. அக்கா ஊட்டுக்குப் போயிரலாமான்னு இருக்கேன்."

"மழைக்காலத்துல மரக்கதவு ஊதத்தான் செய்யும்" என்றேன்.

அன்று அவர் படத்தை விரித்தபோது ஏழு மரங்களும் சாய்ந்திருந்தன. புதிதாக வரைகிறவர்கள் செய்யும் தவறு அது. மலைச்சரிவில் மரத்தை நேராக நிறுத்தாமல், சரிவுக்குச் செங்குத்தாக நட்டுவிடுவார்கள். முப்பது வருடம் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான், சும்மா இருப்பேனா? எல்லார் முன்னாலும் சொன்னேன்: "மலை சாஞ்சாலும் மரம் வானத்தைப் பார்த்துத்தான் நிக்கும் எஸ்தர். இது முதல் பாடம்."

"நான் பார்த்ததைத்தானுங்களே போட்டேன்."

"அப்போ கண்ணாடியை மாத்துங்க."

நான் சிரித்தேன். உங்களில் சிலரும் சிரித்தீர்கள்.

மதியம் மியூசியத்துக்குப் போனோம். யாரோ எப்போதோ வரைந்த பழைய மலைக்காட்சி ஒன்றின் முன்னால் எஸ்தர் வெகுநேரம் நின்றார். அதில் செங்குத்தான சரிவில் மரங்கள் தூண்களாக நின்றன. "இவங்களும் நேராத்தான் போட்டிருக்காங்க. எனக்குத்தான் கண்ணு போச்சு போலிருக்குங்க" என்றார். வெளிவராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஈரத் தூரிகையால் பழைய பச்சையை எடுத்துவிட்டு, ஏழு மரங்களையும் நேராக்கினார். பனியில் அது லேசில் காயவில்லை. காயும்வரை காத்திருந்து என்னிடம் நீட்டினார். "நீங்க திருத்தின படம், நீங்களே வெச்சுக்கங்க."

திரும்பும்போது அக்கா வீட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதற்கு மூன்றாம் வாரம் மலை இறங்கியது.

அடக்கம் முடிந்து வந்து அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நீர்வண்ணத்தில் பென்சில் கோட்டின் மேல் வண்ணம் ஏறிவிட்டால் பிறகு எந்த ரப்பராலும் அதை அழிக்க முடியாது. நேரான பச்சை மரங்களுக்கு அடியில் ஏழு மெல்லிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஏழும் ஒரே பக்கம், அவர் வீட்டுக் கூரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. மண் அப்போதே மரங்களோடு நகரத் தொடங்கியிருக்கிறது.

என்னிடம் எஸ்தர் என்று மிஞ்சியிருப்பது அந்தக் கோடுகள்தான். அவர் பார்த்ததைத்தான் போட்டிருந்தார்.